அச்சுக்குச் சாம்பல் நிறம் தெரியாது

கேட்டவர் டேப்லெட்டில் நாலு வருடமாக வரைகிறவர். ஒரு வார இறுதிப் பட்டறைக்குப் போய் லினோகட் (லினோலியம் ஷீட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவி அச்சடிப்பது) செய்து பார்த்திருக்கிறார். அந்த மை வாசம் விடவில்லையாம். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா, எங்கே தொடங்குவது, கம்ப்யூட்டரில் வரைந்ததை அச்சடித்தால் அது அழுகுணி ஆட்டம் ஆகாதா என்று மூன்று கேள்விகள். எனக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி வழியாக மையைத் தாளில் இறக்குவது) தெரிந்தது கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை ஒன்றில். ஓவியர்களுடன் பழக்கம் அப்புறம்தான் வந்தது. அதனால் பதிலில் கடை வாடை கொஞ்சம் அடிக்கும்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஜப்பானிய மர அச்சுகளில் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய படம் ஹொக்குசாயின் பேரலை, 1831 வாக்கில் வந்தது. அதில் ஹொக்குசாய் ஒரு கட்டையைக்கூடச் செதுக்கவில்லை. அவர் வரைந்து கொடுத்தார். செதுக்கியவர் ஒருவர், மை தடவி அச்சடித்தவர் இன்னொருவர், பணம் போட்டு விற்றவர் பதிப்பாளர். வரைந்த மெல்லிய தாளைக் கட்டைமேல் கவிழ்த்து ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்குவார்கள். மூலப்படம் அதோடு போய்விடும். உங்கள் டேப்லெட் படத்தை மெல்லிய தாளில் பிரிண்ட் எடுத்துக் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கினால், அவர்கள் செய்ததற்கும் நீங்கள் செய்வதற்கும் உள்ள வித்தியாசம் பேனா மட்டும்தான். 1962இல் ஆண்டி வார்ஹோல் மர்லின் மன்றோவின் விளம்பரப் புகைப்படத்தை ஸ்கிரீனில் ஏற்றி அடித்தபோதும் இதே கேள்வியைக் கேட்டார்கள். சரி, அதை விடுங்கள்.

உண்மையான சிக்கல் வேறு. அச்சுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. லினோவில் செதுக்கிய இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. ஸ்கிரீனில் துணியின் கண் திறந்திருந்தால் மை இறங்கும், அடைத்திருந்தால் இறங்காது. பாதி மை என்று ஒன்று கிடையாது. (எட்சிங்கில், அதாவது உலோகத் தகட்டை அமிலத்தால் அரித்து எடுக்கிற அச்சில், பள்ளத்தின் ஆழத்தைப் பொறுத்து மை கூடும், குறையும். அது தனிக் கதை.) டேப்லெட்டோ வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவே 256 படிகள் வைத்திருக்கிறது, நீங்கள் நாலு வருடமாக அந்தப் படிகளில்தான் குடியிருக்கிறீர்கள். மெத்தென்ற பிரஷ், மங்கலான நிழல், பாதி ஒளி ஊடுருவும் லேயர் எல்லாமே சாம்பல்தான். டிஜிட்டலும் கையச்சும் சேருகிற வேலை என்பது பெரும்பாலும் அந்தச் சாம்பலை என்ன செய்வது என்று முடிவெடுக்கிற வேலை.

வழிகள் மூன்று. ஒன்று, த்ரெஷோல்ட் போட்டு வெட்டிவிடுவது: குறிப்பிட்ட அளவைவிட அடர்த்தியான சாம்பல் கறுப்பு, வெளுத்த சாம்பல் வெள்ளை. இன்னொன்று, புள்ளிகளாக உடைப்பது. சிவகாசிக் காலண்டரில் இருக்கும் முருகன் கன்னத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள், கன்னமே காணாமல் போய் ரோஜா நிறப் புள்ளிகள்தான் இருக்கும். மூன்றாவது, நிழலை நீங்களே கோடுகளாக வரைந்துவிடுவது. லினோவுக்கு எப்போதும் மூன்றாவதைத்தான் சொல்வேன். மென்பொருள் செய்கிற புள்ளியை உளியால் செதுக்க உட்கார்ந்தால் மணிக்கட்டு போய்விடும், படமும் நன்றாக வராது. ஸ்கிரீனுக்குப் புள்ளி சரிப்படும், ஆனால் துணிக்கு ஏற்ற கணக்கு வேண்டும். கடையில் 90, 120 என்று மெஷ் எண் சொல்வார்கள்; ஒரு சென்டிமீட்டருக்கு அத்தனை இழை என்று அர்த்தம். 90ஐ அங்குலத்துக்கு மாற்றினால் சுமார் 230. அதை 5ஆல் வகுத்தால் 46. ஆக அங்குலத்துக்கு 45 வரிசைப் புள்ளி போதும், அதற்குமேல் நுணுக்கினால் துணி தாங்காது. புள்ளியின் கோணத்தை 22.5 டிகிரி வையுங்கள். இழையும் புள்ளியும் ஒரே வாக்கில் போனால் பட்டுச்சேலையில் தெரிவதுபோல அலை அலையாக ஒரு கோலம் வந்து நிற்கும்.

இனி ஒரு படத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்கிறேன், அதில் எல்லாம் அடங்கிவிடும். நான் செய்தது ஒரு மீன்பாடி வண்டி. சென்னையில் தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் பிளாஸ்டிக் குடங்களை அடுக்கிக்கொண்டு போகுமே, அது. மஞ்சள், ரோஸ், நீலம், ஆரஞ்சு, பச்சை, ஊதா என்று குடங்கள் ஆறு நிறம். ஆனால் மை மூன்றுதான்: மஞ்சள், ரோஸ், நீலம். மஞ்சள்மேல் ரோஸ் விழுந்தால் ஆரஞ்சு, மஞ்சள்மேல் நீலம் விழுந்தால் பச்சை, ரோஸ்மேல் நீலம் ஊதா. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடம் கருந்தவிட்டு நிறம். டயரும் சங்கிலியும் அதில் போய்விட்டன. இதற்கு மையில் டிரான்ஸ்பரன்ட் பேஸ் நிறையக் கலக்க வேண்டும். மை கண்ணாடிபோல இருந்தால்தான் அடியில் இருக்கிற நிறம் மேலே வரும்.

இந்தத் திட்டத்துக்கு டேப்லெட்டைப் போல ஒரு துணை கிடையாது. மூன்று லேயர், ஒவ்வொன்றிலும் சுத்தக் கறுப்பில் மட்டும் வரைந்து, பிறகு அந்தக் கறுப்புக்கு மஞ்சளும் ரோஸும் நீலமும் கொடுத்து, லேயரை மல்டிப்ளையில் (மேல் நிறத்தின் வழியே அடி நிறமும் தெரியும்படி கலந்து காட்டும் அமைப்பு) வைத்தால் எந்த நிறம் எங்கே பிறக்கும் என்பது திரையிலேயே தெரியும். குடத்தைப் பச்சையாக்க வேண்டுமா, மஞ்சள் லேயரில் ஒரு வட்டம், நீல லேயரில் அதே வட்டம். பழைய முறையில் இதை டிரேசிங் பேப்பரில் செய்தால் ஒரு குடத்தின் நிறத்தை மாற்ற அரை நாள். புதிதாக வருகிறவர்கள் செய்கிற பெரிய தவறு, படத்தை முழு வண்ணத்தில் முடித்துவிட்டு அப்புறம் நிறம் பிரிக்க உட்காருவது. மூன்று லேயர் என்று ஆரம்பத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு வரையுங்கள். படம் வேறு மாதிரி யோசிக்கும்.

திரை காட்டுகிற நிறத்தை நம்பாதீர்கள். திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, தாளுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. நான் செய்வது இது: உண்மையான மை மூன்றையும் அதே தாளில் பட்டை பட்டையாக, ஒன்றின்மேல் ஒன்று படும்படி அடித்துக் காயவைத்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, அந்த ஏழு நிறங்களையும் டேப்லெட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்வேன். என் ரோஸும் நீலமும் சேர்ந்து திரையில் ராஜ ஊதாவாக இருந்தது, தாளில் கத்தரிக்காயாக வந்தது. கத்தரிக்காய்தான் நன்றாக இருந்தது என்பது வேறு விஷயம்.

கேன்வாஸ் அளவை வரையத் தொடங்கும்போதே வைத்துவிடுங்கள். ஏ4 தாளுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480க்கு 3508 பிக்சல். கூர்மையான விளிம்பு வேண்டுமென்றால் 600 வையுங்கள். ஏனென்றால் கடைசியில் ஒவ்வொரு லேயருக்கும் த்ரெஷோல்ட் போட்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பலைத் துடைப்பீர்கள், அப்போது 300இல் விளிம்பு லேசாகப் படிக்கட்டு ஆகும். நாலு மூலையிலும் ஒரு கூட்டல் குறி, எல்லா லேயரிலும் அதே இடத்தில். அச்சகத்தில் 'கலர் ரெஜிஸ்டர் ஆகலை' என்று சொல்வார்களே, நிறங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராத அந்தத் தலைவலிக்கு மருந்து இந்தக் குறிகள்தான்.

அடுத்தது பாசிட்டிவ், அதாவது ஒவ்வொரு லேயரையும் ஸ்கிரீனில் ஏற்றுவதற்காக ஒளி புகும் தாளில் கறுப்பாக எடுக்கிற பிரிண்ட். ஸ்கிரீனில் பூசிய எமல்ஷன் வெயில் பட்ட இடத்தில் இறுகிவிடும். பாசிட்டிவின் கறுப்பு மறைத்த இடத்தில் இறுகாமல் தண்ணீரில் கழன்றுபோகும். அந்த வழியாகத்தான் மை இறங்குகிறது. ஆகவே பாசிட்டிவில் கறுப்பு என்றால் வெளிச்சம் புகாத கறுப்பு. நம் ஊரில் டிரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுப்பது வழக்கம், விசிட்டிங் கார்டு முழுக்க அப்படித்தான் அடித்தோம். அதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. லேசர் பிரிண்டரின் சூட்டில் டிரேசிங் பேப்பர் சுருங்கும். மூன்று நிறமும் ஒரே அளவு சுருங்கினால் பரவாயில்லை, அப்படிச் சுருங்காது. என் குட வண்டிக்கு மஞ்சளையும் ரோஸையும் ஒரு நாள், நீலத்தை இரண்டு நாள் கழித்து எடுத்தேன். ஏ3 தாளின் ஒரு மூலையில் குறி சரியாக உட்கார்ந்தது, எதிர் மூலையில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனது. பின்சக்கரத்துக்கு இரண்டு நிழல். என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க ஒரு மாலை போயிற்று, ஸ்கிரீனைத் திட்டினேன், கடைக்காரரைத் திட்டினேன். பிறகு மூன்று டிரேசிங்கையும் அடுக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் குற்றவாளி கையிலேயே இருக்கிறான். அதிலிருந்து ஏ4க்கு மேல் எதுவானாலும் இன்க்ஜெட் ஃபிலிம் ஷீட்டில்தான் எடுக்கிறேன். லேசரே கதி என்றால் வெறும் டிரேசிங் தாள் மூன்றை ஒரு தடவை பிரிண்டருக்குள் சும்மா ஓட்டிச் சுருங்கவைத்துவிட்டு, தாளுக்கு ஒரு நிறமாக மூன்றையும் ஒரே மூச்சில் எடுங்கள்.

எமல்ஷன் வாங்கும்போது டயசோ வகை என்று கேட்டு வாங்குங்கள். எமல்ஷனை வெளிச்சத்தில் இறுகச் செய்ய அதில் கலக்கும் பழைய பைகுரோமேட் சென்சிடைசர் மலிவுதான், ஆனால் அந்த ஆரஞ்சுத் தண்ணீர் தோலுக்கும் நுரையீரலுக்கும் நல்லதில்லை, சாக்கடையில் ஊற்றவும் கூடாது. வெயிலில் எத்தனை நேரம் காட்டுவது என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் மாடி வெயில் வேறு. ஒரு சின்ன ஸ்கிரீனை எடுத்து அட்டையால் மூடி, இருபது விநாடிக்கு ஒரு முறை அட்டையை இரண்டு விரல் அளவு நகர்த்திக்கொண்டே போய்க் கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அச்சடிக்கும்போது ஃபேனை அணையுங்கள். அக்ரிலிக் மை துணியின் கண்ணிலேயே காய்ந்து உட்கார்ந்துவிடும். வியர்த்தால் வியர்க்கட்டும்.

ஸ்கிரீனில் படம் இடவலம் மாறாது. லினோவிலும் மரத்திலும் எட்சிங்கிலும் மாறும். இதில் தடுமாறாதவர் யாரும் இல்லை. கார்பன் பேப்பர் வைத்துப் படத்தை லினோவில் ஏற்றுகிறீர்கள் என்றால், டேப்லெட்டில் முதலில் கண்ணாடிபோலத் திருப்பிவிட வேண்டும். ஆனால் லேசர் பிரிண்டையோ ஜெராக்ஸையோ லினோமேல் கவிழ்த்து, முதுகில் தின்னர் தடவித் தேய்த்து டோனரை இறக்குகிறீர்கள் என்றால் திருப்பவே கூடாது. கவிழ்க்கும்போது ஒரு முறை திரும்புகிறது, அச்சடிக்கும்போது இன்னொரு முறை திரும்பி நேராகிவிடுகிறது. கவிழ்த்து ஒட்டிச் செதுக்கினாலும் இதே கணக்குதான். (இன்க்ஜெட் பிரிண்ட் இந்தத் தின்னர் வேலைக்கு ஆகாது. தின்னரைச் சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பயன்படுத்துங்கள்.) நான் ஒரு தடவை அதிபுத்திசாலித்தனமாகத் திருப்பியும் விட்டு, கவிழ்த்தும் வைத்தேன். படத்தில் தெருப்பலகை ஒன்று, 'மயிலாப்பூர்' என்று. இரண்டு நாள் செதுக்கி அடித்துப் பார்த்தால் ஊரே இடவலம் மாறிக் கிடக்கிறது. அந்த 'ப்' ஒன்றுதான் தப்பியது, அது எந்தப் பக்கம் பார்த்தாலும் 'ப்'தானே. ஆகவே படத்தில் எழுத்து இல்லாவிட்டாலும் ஓரத்தில் ஒரு 'ட' போட்டுவையுங்கள். எந்த நிலையிலும் எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று அது சொல்லிவிடும்.

லேசர் கட்டிங் கடைகள் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டன, பெயர்ப்பலகையும் கேக் டாப்பரும் வெட்டுகிற இடங்கள். ஃபைலைக் கொடுத்தால் 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் சுட்டே செதுக்கிக் கொடுத்துவிடுவார்கள். நான் அதை முழுதாக விரும்புவதில்லை. லேசருக்கு எல்லாப் பள்ளமும் ஒன்று. உளி வழுக்கிய தடம், வெள்ளைப் பரப்பில் மை ஒட்டி மிஞ்சும் சின்னச் சின்னக் கீற்றுகள் எதுவும் வராது. அந்தக் கீற்றுகளுக்காகத்தானே லினோவுக்கு வந்தோம்? மெல்லிய கோடுகளையும் எழுத்துகளையும் லேசரிடம் விட்டுவிட்டு, பெரிய வெள்ளைப் பரப்புகளைக் கையால் எடுங்கள். எம்டிஎஃப் மையைக் குடித்துவிடும், அதனால் முதலில் ஒரு கோட் வார்னிஷ் அடித்துக் காயவிட வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோட்டை நம்ப வேண்டாம், உதிரும்.

ஒரு எச்சரிக்கை, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லினோ என்று விற்கிற மெத்தென்ற ஷீட்டுகளில் சில வினைல், அதாவது பிவிசி. அதை லேசரில் வைத்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூச்சுக்கும் ஆபத்து, கடைக்காரரின் இயந்திரமும் துருப்பிடித்துப் போகும். அசல் லினோலியம் ஆளிவிதை எண்ணெயும் கார்க் பொடியும் மரத்தூளும் சேர்ந்தது. முதுகில் சணல் துணி தெரியும். என்ன பொருள் என்று உறுதியாகத் தெரியாத ஷீட்டை லேசர் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது, கலைக்கல்லூரிப் பசங்க பாதிப் பேருக்குத் தெரிவதில்லை. கல்யாணப் பத்திரிகையில் தங்கக் கலர் ஃபாயில் அழுத்துவதற்கு உலோக பிளாக் வேண்டும். பாரிமுனை ஆண்டர்சன் தெரு மாதிரி பத்திரிகைக் கடைகள் நிறைந்த இடத்தில் விசாரித்தால் அதைச் செய்து தருகிறவர் கிடைப்பார். கறுப்பு வெள்ளை ஃபைல் கொடுத்தால் போதும், உங்கள் பேனாக் கோடு அப்படியே உலோகத்தில் நிற்கும். ரப்பர் ஸ்டாம்ப் கடைக்காரர் பாலிமரில் செய்வதும் கிட்டத்தட்ட இதேதான்: நெகட்டிவ் வழியாகப் புற ஊதா வெளிச்சம், இறுகிய இடம் எழுத்து, இறுகாதது கழுவலில் போய்விடும். உள்ளங்கை அளவுப் படத்துக்கு அவரையே கேட்டுப் பாருங்கள். 'என்ன சார் இது, கம்பெனி முத்திரையா?' என்று ஒரு பார்வை பார்ப்பார், செய்து தருவார்.

டிஜிட்டல் பிரிண்டின்மேல் கையச்சு அடிக்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். அடிக்கலாம், வரிசை முக்கியம். இன்க்ஜெட் முதலில், கையச்சு பிறகு. எண்ணெய் மை ஈரமாக இருக்கும் தாளை, அல்லது அழுத்தத்தில் புடைத்த தாளைப் பிரிண்டருக்குள் விட்டால் பிரிண்டர் ஹெட் உரசி நாசமாகும். உங்கள் பிரிண்டர் மை சாய வகையா நிறமி வகையா என்பதை ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கரைந்தால் சாய வகை, எட்சிங்குக்காகத் தாளை நனைத்தால் படம் மொத்தமும் ஓடிவிடும். பிரிண்டர் ஒவ்வொரு தாளையும் ஒரு மயிரிழை அப்படி இப்படித்தான் இழுக்கும், அதனால் கட்டையைத் தாளின் விளிம்புக்குப் பொருத்தாதீர்கள். படத்தோடு சேர்த்து அச்சான குறிக்குப் பொருத்துங்கள், ஓரத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். நவம்பரில் தாள் ஈரக்காற்றைக் குடித்துப் பெருக்கும். ஒரே படத்தின் நிறங்களை இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் ஒன்று என்று அடிக்காதீர்கள்.

எதிர்த்திசையிலும் போகலாம், டேப்லெட் ஓவியருக்கு உடனே பலன் தருவது இதுதான் என்பேன். ரோலரில் மை குறைவாக எடுத்துத் தாளில் உருட்டுங்கள், தேங்காய்நாரில் மை தொட்டு ஒற்றுங்கள், பலகையின் ரேகையைத் தேய்த்து எடுங்கள். எல்லாவற்றையும் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து உங்கள் லேயருக்கு மாஸ்க்காகப் போடுங்கள். 'லினோ பிரஷ்' என்று விலைக்கு வருவதில் ஒரே கறை நாலு அங்குலத்துக்கு ஒரு முறை திரும்ப வந்து நிற்கும். ஒரு தடவை கண்ணில் பட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்க்கவே முடியாத இடங்களும் உண்டு. அச்சோவியர் கிருஷ்ணா ரெட்டி சித்தூர்ப் பக்கத்துக்காரர், பாரிஸில் ஸ்டான்லி ஹேய்ட்டர் என்ற அச்சோவியரின் அட்டெலியே 17 பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரே உலோகத் தகட்டில் பல நிறங்களை ஒரே அழுத்தத்தில் எடுக்கிற விஸ்காசிட்டி முறை அங்கே உருவானது. எண்ணெய் கூடிய மையும் எண்ணெய் குறைந்த மையும் ஒன்றை ஒன்று தள்ளும். மெத்தென்ற ரோலர் பள்ளத்துக்குள் இறங்கும், கடினமான ரோலர் மேட்டை மட்டும் தொட்டுப் போகும். எந்த நிறம் எங்கே நிற்கும் என்பது எண்ணெயின் அளவில் இருக்கிறது. மல்டிப்ளைக்கு எண்ணெய் தெரியாது. அதைப் பார்க்க ஆசையென்றால் கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் வட்டார மையத்தில் கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ இருக்கிறது, போய் விசாரியுங்கள்.

விற்கும்போது ஒரு நேர்மை வேண்டும். 7/20 என்று பென்சிலில் எழுதினால் இருபது பிரதிதான் என்று வாங்குகிறவருக்கு வாக்குக் கொடுக்கிறீர்கள். ஃபைல் உங்களிடம் பத்திரமாக இருக்கிறது, நாளை நீங்கள் இருபத்தொன்றாவது பிரதி அடித்தால் யாரும் தடுக்க முடியாது. அளவையும் நிறத்தையும் மாற்றி அடித்தால்கூட அதைத் தனிப் பதிப்பு என்று எழுதிவிடுங்கள். 'டிஜிட்டல் பாசிட்டிவிலிருந்து மூன்று நிற ஸ்கிரீன் பிரிண்ட், கையால் அடித்தது' என்று பின்னால் எழுதுவதில் குறைச்சல் எதுவும் இல்லை. பெயரில் பகட்டு காட்டும் ஆசை பழையது: 1991இல் அமெரிக்காவில் ஜாக் டுகான் என்கிற அச்சுக்காரர் இன்க்ஜெட் என்ற சொல் கலைக்கு எடுபடாது என்று ஃபிரெஞ்சிலிருந்து 'ஜிக்ளே' என்று ஒன்றைப் பிடித்தார். பீய்ச்சுவது என்று பொருள். இன்றைக்குப் பாதிக் கேலரிகளில் அந்தப் பெயர்தான்.

சரி, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு. போஸ்ட்கார்டு அளவு, இரண்டே நிறம், மஞ்சளும் நீலமும். டேப்லெட்டில் இரண்டு லேயர், கறுப்பில் மட்டும், மெத்தென்ற பிரஷ் எதையும் தொடாமல். மஞ்சளும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பச்சை பிறக்கிற இடம் ஒன்றாவது இருக்கட்டும். ஜெராக்ஸ் எடுத்து, இரண்டு லினோத் துண்டில் கவிழ்த்துத் தேய்த்துச் செதுக்குங்கள். லினோவைவிடப் பெரிய அட்டை ஒன்றில் லினோவை வைக்க ஒரு மூலை, தாளை வைக்க ஒரு மூலை என்று இரண்டு 'ட' ஒட்டினால் ரெஜிஸ்டருக்கு அதுவே போதும். பிரஸ் வேண்டாம், எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தால் வரும். முதல் நாலு தாள் வீணாகும், பழைய செய்தித்தாளில் அடியுங்கள். மஞ்சள் நன்றாகக் காய்ந்த பிறகு நீலம்.